புள்ளி வரி

காரைக்குடி, கல்லுக்கட்டி,
பெயின்ட் கடைக்கு மேல்மாடி.
மே மாதம். மின்சாரம் போய்
இன்வெர்ட்டர் அரை நிமிடத்துக்கு ஒருதரம் கீச்சிட்டது.
கிடங்கு என்ற கட்டளைக்கு நான் எழுதிய
கையேட்டுப் பக்கத்தை ஓட்டிப் பார்த்தேன்.
நான்கு எச்சரிக்கைகள்.
பிழை இல்லை, எச்சரிக்கைதான்.
இரண்டு வருடமாக வந்துகொண்டுதான் இருந்தன.
சுவர் நிற்கிறது, பூச்சு மட்டும் உதிர்கிறது என்று
விட்டிருந்தேன்.

முதலாவது, வரி பத்தொன்பது:
இந்த வரியை முறிக்க முடியவில்லை.
முடியாதுதான்.
ஒத்திசைக்கப்படாதிருக்கும்பட்சத்தில் என்று
மூச்சுவிடாமல் ஒரு சொல் போட்டிருக்கிறேன்.
உள்தள்ளியது போக மிச்சமிருந்த இடத்தில்
கட்டிலுக்கு மிஞ்சிய ஆள்போல
அது கால் வெளியே நீட்டிக் கிடந்தது.
ஒத்திசையாவிட்டால் என்று மாற்றினேன். அடங்கியது.
யாரைப் பயமுறுத்த அவ்வளவு நீளம் எழுதினேனோ.

இரண்டாவது, அப்படி ஓர் எழுத்துரு இல்லை என்றது.
தடித்த எழுத்துக்குத் த என்று
சாய்கோட்டுக்குப் பின்னால் போட்டிருந்தேன்.
என்னைவிட வயதான நிரல் அது,
அதற்கு ஆங்கிலத்து பி-தான் தெரியும்.

மூன்றாவது செலஸ்டின் போட்ட அட்டவணை.
நான்கு பத்தி என்று சொல்லிவிட்டு
ஐந்தாவதையும் கொடுத்தால்
ஐந்தாவதைத் தூக்கி எறிந்துவிடுகிறது.
"ஓர் ஆள் கூட வந்தா இலை போடத் தெரியாதா இதுக்கு?"
தேவகோட்டைக்காரி,
திருத்தி முடிக்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

நான்காவதுதான் புரியவில்லை.
வரி அறுபத்து மூன்று:
கிடங்கு என்ற மேக்ரோ வரையறுக்கப்படவில்லை.
நான் மேக்ரோ எதுவும் எழுதவே இல்லையே.
மூலக் கோப்பைத் திறந்தேன்.

    துடை: பதிவுகளை அழிக்கும்.
    .கிடங்கு கோப்பு இருந்தால் எதையும் அழிக்காது.

திரையில் வந்ததோ
பதிவுகளை அழிக்கும். அவ்வளவுதான்.

மறைகோப்பு அது, பெயரே புள்ளியில் தொடங்கும்.
வரியின் முதலில் புள்ளி நின்றால்
வாசகம் என்று பார்ப்பதில்லை, ஆணை என்று எடுத்துக்கொள்ளும்.
தெரியாத ஆணையா, மொத்த வரியும் போச்சு.

எழுத்தின் தலையில் புள்ளி ஏறினால்
உயிர் போகும், மெய் நிற்கும்.
வரியின் தலையில் ஏறியது
மெய்யையே கொண்டுபோயிருக்கிறது.
இந்தப் பக்கத்தில் புள்ளி என்றால் ஒரு குடும்பம்.
கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவார்கள்,
நோட்டில் பெயர் ஏறும்.
என் புள்ளி வரி எந்த நோட்டிலும் ஏறவில்லை.

மருந்து சின்னதுதான்.
ஒரு சாய்கோடு, பக்கத்தில் ஓர் உம்மைக்குறி.
இரண்டும் சேர்ந்து அகலமே இல்லாத ஓர் எழுத்து.
அச்சில் வராது, இடம் அடைக்காது.
அதைப் புள்ளிக்கு முன்னால் நிறுத்தினேன்.
திரும்ப ஓட்டினேன்.
ஒன்றும் சொல்லவில்லை. சுட்டி மட்டும் துடித்தது.
பாராட்டு என்று இதனிடம் கிடைப்பது அதுதான்.

தேவகோட்டை அரிசி ஆலைக்குப் போன் போட்டேன்.
கணக்கு பார்க்கிற சாத்தப்பன் எடுத்தார்.
பின்னால் மில் ஓடுகிற இரைச்சல்.
"அண்ணே, அந்தத் துடை கட்டளை..."
"அதைத் தொடுறதே இல்லைம்மா.
அழிக்கும்னு போட்டிருக்கே.
மாசக் கடைசியில ஒவ்வொண்ணா நானே எடுத்து
வேற இடத்துல ஒட்டிக்கிறேன்."
"எத்தனை வரும்?"
"முந்நூறு, நானூறு. அறுவடை மாசம்னா கூட வரும்."

இரண்டு வருடம்.
பெருக்கிப் பார்க்கத் தொடங்கி நிறுத்தினேன்.

"இனிமே அழிக்காதுண்ணே."
இரைச்சல் கொஞ்ச நேரம் பேசியது.
"அப்படின்னு எழுத்துல போட்டிருக்கியா?"
"போட்டிருக்கேன்."
பிறகு, ஏன் சொன்னேனோ,
"முன்னாடியும் போட்டிருந்தேன்."