வாசலில் ஒரு தராசு

ஹாவ் ஆற்றங்கரை ஆலையில்
லுவா கெளுத்தி அறுக்கிறாள்.
சதை ஐரோப்பாவுக்கு.
தலை, முள், குடல், மஞ்சள் கொழுப்பு
போன மாதம்வரை யாருக்கும் இல்லை.
அதனால் கொஞ்சம் அவளுக்கு.
ஒரு பை கொழுப்பை உருக்கினால்
ஒரு வாரம் வாழைப்பூ வதங்கும்.

பிறகு கொதிகலன் வந்தது.
உருக்கி, வடித்து, மெத்தனால் விட்டுக் கலக்கினால்
டீசல் என்றார்கள்.
மறுநாளே வாசலில் தராசு.
காவலாளி தோவான்
அவள் பையைத் திறந்தான்,
முகத்தைப் பார்க்காமல்
தொட்டியில் கவிழ்த்தான்.
குப்பை அள்ளியவள்
ஓர் இரவில் திருடியாகலாம் போல.

சாயங்காலப் படகு.
புகையில் மீன் வறுக்கும் வாசம்,
துறையில் நான்கு பூனைகள்
எழுந்து நிற்கின்றன.
"கரும்புகையே இல்லை, பார்த்தாயா!"
படகோட்டிக்குப் பெருமை.
உண்மைதான்.
போன வருஷம் இந்நேரம்
அவள் மகனுக்கு இருமல் நிற்கவே இல்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்தாயிரம் தோங் தாளை நீட்டுகிறாள்.
எலுமிச்சை தேய்த்தும் போகாத கை.
எஞ்சினுக்கும் அதே நாற்றம்.
தான் அறுத்த மீன்மேல்
தானே ஏறி
அக்கரை போகிறாள் லுவா,
மீதிச் சில்லறைக்குக்
காத்தபடி.