இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம்

ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது.
நாங்களோ ஆறு பேர்.
என் சலவைக்கடையின் பின்னறையில்
ரொட்டி அறுக்கும் கத்தியால்
புத்தகத்தின் முதுகைப் பிளந்தார் யெர்கோ,
படகு எஞ்சினைத் திறப்பவரின் நிதானத்தோடு.
பசை உதிர்ந்தது.
எதெல்வினா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆளுக்கொரு கதை. அடுத்த மாதம்
அவரவர் கதையை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.
லாகோஸ்காரி எழுதியது யெர்கோவுக்கு:
இறந்தவர்கள் வாடகை கட்டும் நகரம்.
கசாக் நாட்டுக்காரர் எழுதியது எனக்கு:
ராக்கெட் ஓடுகள் விழும் புல்வெளியில்
குதிரைகள் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணும்.
ஹைட்டியில் பிறந்தவர் எழுதியதை
விட்லினிடம் நீட்டினோம்,
பெரிய உபகாரம் செய்வதுபோல.
அவள் அதை நவெல்கீன் மடியில் போட்டாள்.
"அந்தத் தீவு எனக்குத் தெரியும்.
தெரியாததைக் கொடுங்கள்."
எடுத்துக்கொண்டாள்
நூக் நகரத்துப் பெண் எழுதிய
உறைந்த நிலாவை.

பூந்தா அரேனாஸில் அக்டோபர் காற்று
ஆள் பார்த்து அடிப்பதில்லை.
பிடித்து நடக்க
தெருமுனையில் கயிறு கட்டியிருப்பார்கள்.
ஆஸ்பத்திரி இரவு வேலை முடிந்து
ஒரு கையில் கயிறும்
ஒரு கையில் கதையுமாக
விட்லின் நின்ற நிமிடம்
கடைசித் தாள் பிய்த்துக்கொண்டு
நீரிணைப் பக்கம் போனது.
இடிந்த மரத்துறையில் வரிசையாய் அமர்ந்திருந்த
நீர்க்காகங்கள் தலை திருப்பிப் பார்த்தனவாம்.

மிஞ்சிய கடைசி வரி இது:
"புறப்படும் ஓடத்தின் கதவில் கை வைத்தவள்
ஒரு முறை திரும்பிப் பார்த்து"

பார்த்து?

முற்று பறந்துவிட்டது.
எங்களிடம் இருந்தது எச்சம்.
நீர்க்காகங்களிடமும் அதுதான்,
மரத்துறை முழுக்க வெள்ளை வெள்ளையாய்.

ருபார்ப் கேக்கை வெட்டியபடி பேசினோம்.
ஓடம் வெடிக்கும் என்றார் யெர்கோ.
அவர் கதை சொன்னால் எல்லாமே வெடிக்கும்.
நிலாவே அவளுடைய கனவு என்றார் டீச்சர்.
உலர்த்தி எந்திரம்கூட உறுமி எதிர்த்தது.
டமாரிஸ் சொன்னாள்:
"அந்த எழுத்தாளருக்கு ஊரை விட்டுப் பழக்கமில்லை.
போகிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.
பார்த்தால் கால் நகராது."
மரக்காய்போவிலிருந்து இங்குவரை
பதினான்கு பேருந்து மாறியவள்;
யாரும் மறுக்கவில்லை.

நவெல்கீன் கப்பல் பட்டறையில் வெல்டர்.
ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவார்.
"கெட்டிலை அணைக்கத் திரும்பிப் போவாள்" என்றார்.

சிரித்தோம்.
நான்தான் அதிகம் சிரித்தேன்.
ஒரு நிலாவையே விட்டுப் போகிறவளுக்குக்
கெட்டில் ஒரு கேடா?

விட்லின் மட்டும் சிரிக்கவில்லை.
தட்டில் இருந்த துணுக்குகளை
விரல் நுனியால் ஒற்றி எடுத்தபடி சொன்னாள்:
"நான் அணைக்காமல் வந்தேன்."

எந்திரத்துக்குள்
யாருடையதோ ஒரு பித்தான்
கண்ணாடியில் தட்டித் தட்டிச் சுற்றியது.

பிப்ரவரியில் நூலகத்துக்கு முழுப் புத்தகம் வந்தது.
முதுகு விறைத்து, தைலம் மணக்க.
இரவல் வாங்கி மேசையில் வைத்தோம்.
பிரிக்கலாமா, வேண்டாமா?
யெர்கோவும் டீச்சரும் பிரிக்கலாம் என்றார்கள்.
வேண்டாம் என்று நான்கு கைகள்.
நான்காவது என்னுடையது.
பாதுகாப்பாக இருக்கட்டும் என்று
புத்தகத்தை என்னிடமே கொடுத்தார்கள்.

பதினொரு நாள் தாங்கினேன்.
பன்னிரண்டாம் நாள் ஷட்டரை இறக்கிவிட்டு,
உறை போடாத தலையணைகள் மேல் உட்கார்ந்து,
அந்தத் தாளைப் புரட்டினேன்.
நான்கே வரிகள்.
யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வியாழன்
கேக்கின் ஓரத்துத் துண்டை,
சர்க்கரை கருகிப் பிடித்த பெரிய துண்டை,
நவெல்கீன் தட்டில் வைத்தேன்.
அவர் துண்டைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"எதற்கு?" என்றார்.

"வெல்டிங் வேலை," என்றேன்,
"பசிக்குமில்லையா."