உள்ளே கண்ணாடி

பெட்டியின் மேல் அப்படித்தான் எழுதினோம்.
பொய்.
உள்ளே ஒரு சில்லுகூடக் கண்ணாடி கிடையாது.
ஓசூர்க் கண்காட்சி முடிந்து
கட்டெறும்பைப் பார்சல் போடும்போது
ஜெஸ்லின் சொன்ன யோசனை:
ரோபோ என்றால் உதைப்பார்கள்,
கண்ணாடி என்றால் கும்பிடுவார்கள்.
தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி,
நாலு பக்கமும்
மேலே பார்த்த அம்புக்குறி.

கொழிஞ்சாம்பாறை பார்சல் ஆபீசில்
நாலு அம்பும்
தரையைக் காட்டிக்கொண்டிருந்தன.

தூக்கியபோதே
டப்பாவுக்குள் நிலக்கடலை குலுங்கும் சத்தம்.
வினீஷ் போனில் படம் பிடிக்க
ரிஸ்வானா டேப்பை அறுத்தாள்.
இடது கை தோளோடு கழன்று
பேட்டரிமேல் படுத்திருந்தது.
முன்சக்கரத்து அச்சு
தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது.
யாரும் பேசவில்லை.
படம் பிடிப்பதை நிறுத்த மறந்து
நாலு நிமிடம்
எங்கள் செருப்புகளை எடுத்திருக்கிறான் வினீஷ்.

நஷ்டஈடு கேட்டோம்.
கிளார்க் பில்லைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
"கிளாஸ் எவிடெ?"
எழுதியது கண்ணாடி,
உடைந்தது இரும்பும் பிளாஸ்டிக்கும்.
அந்த அறையில் இருந்த ஒரே கண்ணாடி
அவர் நெற்றியில் ஏறியிருந்தது,
அதுவும் முழுசாக.
தெரிந்த இரண்டு மொழியிலும்
எங்களிடம் பதில் இல்லை.

லோடு இறக்குகிறவர்தான் வாசலில் சொன்னார்:
வாளையாரில் லாரி படுத்துவிட்டது,
ராத்திரி ரெண்டு மணி, நல்ல மழை,
வேறு வண்டிக்கு மாற்றினோம்,
இருட்டில் அம்பு எங்கே தெரியும்?
பெட்டியில் பெயரைப் பார்த்துச் சிரித்தார்.
கழுதை தேய்ந்துதான் கட்டெறும்பாகும்.
கட்டெறும்பு தேய்ந்தால் என்ன ஆகுமென்று
அவருக்கும் தெரியவில்லை.

போட்டி நாளை மறுநாள், பாலக்காட்டில்.
சைக்கிள் கடையில் இரண்டு ஸ்போக் கம்பி வாங்கினோம்.
மருதாணிக் கோனில் பசை நிரப்பி
தோள்மூட்டுக்குள் பிழிந்தாள் ரிஸ்வானா.
பழக்கதோஷத்தில்
ஒரு மாங்காய்ச் சுருளும் போட்டுவிட்டாள்.
காய்ந்தது. கை ஏறியது, இறங்கியது.
அச்சைத்தான்
எவ்வளவு தட்டியும் முழுசாக நிமிர்த்த முடியவில்லை.
நேராகப் போ என்றால்
இரண்டு டிகிரி இடப்பக்கம் போனது.

விடிகிற நேரத்தில்
நிரலைத் திறந்து ஒரு வரி சேர்த்தாள்.
வாளையார் = 2
திசை பார்க்கும்போதெல்லாம்
இடப்பக்கத்திலிருந்து அதைக் கழி.

பதினோரு அணியில் ஏழாவது இடம்.
பந்தை எடுத்தது,
வைக்கவேண்டிய கூடைக்குப் பக்கத்தில் வைத்தது.
நடுவர் மாங்காய்ச் சுருளைக் காட்டி
இது எதற்கு என்று கேட்டார்.
ஜெஸ்லின் கூசாமல் சொன்னாள்:
காற்றோட்டத்துக்கு.

அடுத்த மாதம் புது அச்சு மாட்டினோம்.
கட்டெறும்பு இப்போது
வலப்பக்கம் ஒதுங்கிப் போனது.
மோட்டாரைப் பிரித்தோம்,
சக்கரத்தை மாற்றினோம்,
தரை சரிவோ என்று கோலிக்குண்டு உருட்டிப் பார்த்தோம்.
மூன்றாம் நாள் மத்தியானம்
சோற்றில் வைத்த கையோடு எழுந்தாள் ரிஸ்வானா:
அது இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறது,
இல்லாத வாளையாரை.