கீறல் விழுந்த கிழங்கு

வியாழக்கிழமை ஆறு மணிக்கு முன்பே
வந்துவிடுகிறது பெட்டி.
உறைபனி படிந்த பச்சைப் பிளாஸ்டிக்,
மேலே என் பெயர்:
வீப்கெ லோரன்ட்ஸ், நான்காம் மாடி.
லைப்சிக்கின் பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது,
எண்பத்தாறு படி.
சுமந்து ஏறும்போது
யார் கேட்டார்கள் இதையெல்லாம் என்று தோன்றும்.
வேலியில் போனதை எடுத்து
மடியில் கட்டிக்கொண்ட கை
என்னுடையதேதான்.

கையெழுத்துப் போட்டது ஆகஸ்டில்.
அப்போது தக்காளி வந்தது,
துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கைபோல்
வாசமாய் ஒரு தழை வந்தது.
இது ஜனவரி.
இந்த மண்ணிடம் மிச்சம் இருப்பது வேர் மட்டும்.

பீட்ரூட் ஏழு.
நூல்கோல் மூன்று, போன வாரத்து மூன்றின் தலைமேல்.
வதக்கினால் ஒரு பிடியாய்ச் சுருங்கும்
என்று எல்லோரும் சொல்கிற சுருட்டைக் கீரை
என் சட்டியில் மட்டும்
மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது.
அடியில், எப்போதும் அடியில்,
செலரிக் கிழங்கு.

நான் பொய்ப்பல் செய்கிறவள்.
பகல் முழுக்க
முன்பின் தெரியாதவர்களின் தாடை என் மேசையில்.
அதனால் அடித்துச் சொல்வேன்:
அது காய்கறி இல்லை.
ஏதோ ஒரு பூதத்தின் கடைவாய்ப் பல்.

திங்கள் சூப். செவ்வாய் அதே சூப்.
புதனன்று பீட்ரூட்டைத் துருவி
கேக்கில் ஒளித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.
சாயம் போகாத விரலால்
மாதிரி வார்ப்பொன்றைத் தொட்டுவிட்டேன்.
"ஈறுக்கு இதுதான் சரியான நிறம்"
என்றார் முதலாளி, சிரிக்காமல்.

நிறுத்திவிடலாம் என்றால்
ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வைக்கிறார்
விவசாயி யோர்ன்.
இந்த வாரம் எழுதியிருந்தது:
"நிலம் கல்லாகிவிட்டது.
கடப்பாரையால் தோண்டினோம்."
இதைப் படித்தபிறகு எப்படி?

ஒரு ராத்திரி, காலுறையோடு இறங்கி
மூன்றாம் மாடி ஹார்ட்முட்டின் மிதியடிமேல்
கிழங்கை வைத்துவிட்டு ஓடிவந்தேன்.
கத்தி வழுக்கி நான் போட்ட கீறல்
பிறைபோல் ஒரு பக்கம் இருந்தது.
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

ஞாயிறன்று அதை இரண்டாம் மாடி ஜன்னலில் கண்டேன்,
பிறை வெளியே பார்த்தபடி.
செவ்வாயன்று முற்றத்தில்,
மாணவர்களின் சைக்கிள் கூடையில்.
பார்க்காத மாதிரி நடந்தேன்.
அடுத்த புதன், என் வாசலில்.
வாடி, கொஞ்சம் இளைத்து,
கழுத்தில் நூல் கட்டிய ஒரு துண்டுத்தாள்:
"உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது."
யார் கையெழுத்தோ.
மறுபக்கம் புதிதாய் ஒரு வெட்டு.
யாரோ ஒரு துண்டு அரிந்து
தின்று பார்த்திருக்கிறார்,
அல்லது தின்னத் துணிந்து பின்வாங்கியிருக்கிறார்.

அன்றைக்கே தோல் சீவினேன்.
அத்தனை அழுக்குக்கும் சுருக்கத்துக்கும் உள்ளே
அப்படியொரு வெள்ளை.
என் மேசைக்கு வரும் எந்தப் பல்லிலும்
பார்த்ததில்லை.
கனமாய் அரிந்து, வெண்ணெயில் பொரித்து,
உப்பு போட்டு,
நின்றபடியே நான்கு துண்டு.
நன்றாகத்தான் இருந்தது.
அதுதான் கோபமாக வந்தது.

நேற்று, பதினொன்றரை மணி.
படியில் சத்தமில்லாத சத்தம்.
கதவுத் துவாரத்தில் கண் வைத்தேன்.
தரைத்தள ஒட்டிலி,
காலில் கம்பளிக் காலுறை,
நெஞ்சோடு அணைத்த பூசணி.
எண்பத்தாறு படி ஏறிய மூச்சை
வாய் பொத்தி அடக்கிக்கொண்டு
குழந்தையைக் கிடத்துவதுபோல் மிதியடியில் கிடத்தினாள்.
காம்பை ஒருமுறை நேராக்கினாள்.

அவள் இரண்டு மாடி இறங்கும்வரை
தாழ்ப்பாளில் கை வைத்தபடி,
மூச்சுவிடாமல் நின்றேன்.
அது மரியாதை.

பூசணி ஆறு கிலோ.
இன்று வியாழக்கிழமை.