ஹாலோங்முக் தொகுதிப் பதிவேடு

முதல் பக்கத்தில் பெட்டிகளின் கணக்கு.
வேட்பாளருக்கு ஒரு பெட்டி அப்போது,
மேலே ஒட்டிய சின்னம்,
சுபன்சிரியில் படகேறிப் போய்ப் படகேறி வந்தவை.
நூற்றுப் பதினாலாம் சாவடி, கொலியாசாபரித் தீவு:
ஆண்கள் இருநூற்று ஆறு. பெண்கள் ஒன்பது.
மற்றப் பெண்கள் பேர் சொல்லவில்லை.
'பாதேங்கின் அம்மா' என்றே எழுதிக்கொண்டு வந்தார்கள்;
மேலிடத்துச் சிவப்பு மை
பாதேங்கின் அம்மாவை அடித்துவிட்டது.
ஐம்பத்தேழில் அவள் யாமிக்.
யார் கேட்டார்கள், எப்படிச் சொன்னாள்,
அதற்குக் கட்டம் இல்லை பதிவேட்டில்.

அறுபத்தேழிலிருந்து ஒரு பெயர் விடாமல் வருகிறது:
தாலிராம் கும்பாங், சுயேச்சை.
ஒருமுறை ஏணி, ஒருமுறை தராசு,
இரண்டுமுறை சைக்கிள்
(தீவில் சைக்கிள் ஓட்டப் பாதை கிடையாது).
டெபாசிட் போச்சு. டெபாசிட் போச்சு.
டெபாசிட் போச்சு.
அவர் கேட்டது ஒன்றே ஒன்று, கரைக்குக் கல்.
ஜெயித்தவர்கள் கொட்டியும் இருக்கிறார்கள், கோப்பில்.
கோப்பு இன்றுவரை நனையவில்லை.

எண்பதில் பக்கம் காலி.
தேர்தல் நடக்கவில்லை. காரணத்தை
எனக்கு முன்னிருந்த எழுத்தர் பென்சிலால் எழுதி,
பிறகு யோசித்து அழித்திருக்கிறார்.
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்
'யார்' என்ற சொல் மட்டும் தெரிகிறது.
எண்பத்தொன்பதும் காலி.
அங்கே பென்சில்கூட இல்லை.

தொண்ணூற்றாறில் தாலிராமுக்குப் படகு கிடைத்தது, சின்னமாக.
அந்த ஏப்ரலில்தான் நூற்றுப் பதினாலாம் சாவடி,
ஒரு தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, கொடிக்கம்பம்,
ஓட்டுப்பதிவுக்குப் பதினேழு நாள் முன்னால்
ஆற்றோடு போனது.
சாவடியைக் கரைக்கு மாற்றினார்கள்.
ஆட்களை மாற்றவில்லை.
ஓடம் ஒன்று. ஓட்டு நானூற்று முப்பது.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
கதவு சாத்தியபோது பதிவானவை அறுபத்தெட்டு.
அறுபத்தெட்டும் படகுக்கு.
செல்லாதது ஒன்றுகூட இல்லை.
மிச்சமும் வந்து சேர்ந்திருந்தால் என்று
கூட்டிப் பார்த்தேன். அப்போதும் நாலாமிடம்தான்.
தெரிந்தே இன்னொரு தடவை கூட்டினேன்.

பிறகு ஒருநாள் அரசிதழ் வந்தது.
வடக்கே பாதி, தெற்கே பாதி, தொகுதியை நறுக்கியாயிற்று.
ஹாலோங்முக்கில் இனி யாரும் ஜெயிக்க முடியாது,
தோற்கவும் முடியாது.
கடைசி வரிக்குக் கீழே
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

கார்த்திகையில் தண்ணீர் வடிந்தபோது
பழைய தீவுக்கு இரண்டு மைல் கீழே
புது மணல் முதுகு காட்டியிருக்கிறது.
எண் இல்லை. அதற்குள் கடுகு விதைத்துவிட்டார்கள்.
நேற்று கவுண்டரில் ஒரு பெண்,
செருப்பெல்லாம் ஈரம்,
முகவரிக் கட்டத்தில் விரல் வைத்து
'இங்கே என்ன எழுதட்டும்?' என்றாள்.
பேரை மட்டும் வரும்போதே எழுதி வந்திருந்தாள்,
கட்டத்துக்கு ஓர் எழுத்தாக,
அழுத்தி.