வெள்ளோட்டம்

நாளைக்குச் சேர வேண்டும், ராயக்கோட்டைக் கிளையில்.
இன்றைக்கே வந்து பார்க்கிறேன்,
ஒசூரிலிருந்து பாசஞ்சரில்,
தினமும் ஆகிற காரியமா இது என்று.

இறங்கியது மூன்று பேர்:
நான், லுங்கி கட்டிய ஒருவர்,
அவர் கூடைக்குள் ஒரு சேவல்.
வண்டி நகர்ந்ததும்
அது நின்ற இடமெல்லாம் வெயில் வந்து உட்கார்ந்தது.
மிச்சம் ஒரு வேம்பு, இரண்டு சிமெண்ட் பெஞ்சு,
மஞ்சள் பலகையில்
மூன்று லிபியில் ஒரே ஊர்.

தாளை மடித்து முழங்காலில் வைத்துக் குறித்தேன்:
கழிப்பறை உண்டு. பூட்டும் உண்டு.
குழாயைத் திறந்தால் முதலில் காற்று. பிறகும் காற்று.
டிக்கெட் ஜன்னல் எப்போது திறக்கும் என்கிற அறிவிப்பு
ஜன்னலுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

வெளியே ஒரே ஆட்டோ. முனிவெங்கடப்பா.
"மண்டிக்கா, மலைக்கா, பஸ் ஸ்டாண்டுக்கா?"
தெரியவில்லை என்றேன்.
"அப்படின்னா நூத்தி இருபது."
தெரிந்திருந்தால் எவ்வளவு என்று
கேட்டிருக்கலாம்.

மண்டியில் தமிழில் ஏலம் ஏற்றித்
தெலுங்கில் திட்டிக்கொண்டு
கன்னடத்தில் பணம் எண்ணினார்கள்.
காலையில் நூற்றுப்பத்துக்குப் போன கிரேட்
பதினோரு மணிக்கு எழுபது.
அடியில் நசுங்கியவற்றை மாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்த பெண்
என் செருப்பைப் பார்த்துச் சொன்னாள்,
"பேங்க்கா? லோனுக்கு வந்தீங்களா?"
ஞாயிற்றுக்கிழமை என்றேன்.
"தக்காளிக்கு ஏது ஞாயித்துக்கிழமை."

வங்கியின் ஷட்டர் ஒரு சாண் தூக்கியிருந்தது.
குனிந்து பார்த்தேன்.
மேலாளர் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது,
முதுகில் முன்னவருடைய துண்டு.
உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமல்
"நாளைக்கு வாங்க" என்றார்.
அதைத்தான் நானும்
ஆறு நாளாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மலையில் பாதிவரைதான் ஏறினேன்.
கோட்டைக்கு ராஜாக்கள் வேண்டும்,
எனக்கு மூச்சு வேண்டும்.
ஒரு பாறை நிழலில் நின்றால்
கீழே தண்டவாளம் வளைந்து போவது தெரிகிறது,
யாரோ அவிழ்த்துப் போட்டு
எடுக்க மறந்த நாடாபோல.
நிலையம் ஒரு தீப்பெட்டி.
அதை நோக்கி ஒரு வண்டி வந்தது.
ஐயோ என்று இறங்கினேன்,
சரளையில் சறுக்கி, உள்ளங்கை சிராய்த்து.

ஆட்டோவில் முனிவெங்கடப்பா
முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.
"அது கூட்ஸ் மேடம். உங்களுது இன்னும் தருமபுரியே தாண்டல."
நம்பர் கொடுத்தார். காலையில் போன் அடித்தால்
நிலையத்துக்கே வந்து நிற்பாராம், மாதக் கணக்கு,
நாற்பது ரூபாய்.
தெரிந்தவர்களுக்கு.

ஜன்னல் திறந்திருந்தது.
ஷாஹிதா என்கிற பெயர்ப்பட்டை,
கம்பிக்குப் பின்னால் டிபன் டப்பா.
"ஒசூர் ஒண்ணு" என்றேன்.
"போய்ட்டு வர ஆளா, போற ஆளா?"
மாதச் சீட்டு எவ்வளவு என்று கேட்டதற்கு
அவள் சொன்ன தொகையை
எழுதத் தாளைத் திருப்பினேன்.
பின்பக்கத்தில் இடமில்லை.
கழிப்பறை, குழாய், கிரேட் விலை, ஆட்டோ நம்பர்,
உள்ளங்கையிலிருந்து ஒரு துளி ரத்தம்.

முன்பக்கத்தில் தட்டச்சு செய்திருந்தது:
குடும்பச் சூழ்நிலை காரணமாக
பதவி உயர்வை ஏற்க இயலாத நிலையில்
என்று தொடங்கி,
கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.
அந்த இடத்தில்தான் தொகையை எழுதினேன்.

வண்டி நாற்பது நிமிடம் தாமதம்.
சேவல்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.
கூடையில் ஒரு இறகு, கொஞ்சம் கம்பு.
"வித்துட்டீங்களா?"
"குடுத்துட்டேன்" என்றார்.
அதற்குமேல் சொல்லவில்லை.

வேம்பு இருப்பதால்
பெஞ்சு சுடவில்லை.
இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்,
வேறு தாளில்.