எட்டணா

என்ன படித்தேன் என்று சொன்னால்
காக்ஸ் டவுனில் முதலில் கேட்பது
எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான்.
நான் படித்த ஐரோப்பியர்கள்
அதை டீயில் பிழிந்தார்கள் என்பேன்.

பெண் பார்க்க வந்த தூத்துக்குடிக்காரர்களிடம்
சித்தப்பா பெருமையாகச் சொன்னார்:
"பாப்பா நாள் முழுக்க லாட்ஜிலேதான் இருக்கும்."
காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

நான் சொன்ன லாட்ஜில் கட்டில் கிடையாது.
கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை,
கிழக்கே ஒரு நாற்காலி,
கண்ணைக் கட்டி அழைத்துவரப்பட்ட
பஞ்சாலை மானேஜர்
ஒரு முழங்கால் தெரியக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
மூன்று முறை கதவைத் தட்டுவார்.
நூறு வருடத்துக்கு முந்தைய முழங்கால்.

இதனால் நாட்டுக்கு என்ன பயன்
என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்.
என்ன சொன்னேனோ, மறந்துவிட்டது.
மின்விசிறி கிறீச்சிட்டது மட்டும் ஞாபகம்.
மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டார்கள், தற்காலிகமாக.
அந்தத் தற்காலிகம்
பதினோரு வருடம் ஓடியது.

ஒரு துணைவேந்தர் அறைக்குக் கூப்பிட்டு
கதவைச் சாத்திவிட்டு
மகனுக்கு விசா கிடைக்குமா என்று கேட்டார்.
நூலகத்தில் என் புத்தகம்
வாஸ்துவுக்கும் கைரேகைக்கும் நடுவே.
நான்கு முறை மாற்றச் சொன்னேன்.
ஐந்தாவது முறை போனபோது
முனைகள் மடங்கி, எண்ணெய் விரல் பட்டிருந்தது.
அங்கேயே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

நீங்கள் இதையெல்லாம் நம்புகிறீர்களா?
தபால்தலை சேர்ப்பவரிடம்
கடிதம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

கன்டோன்மென்டில் அந்தப் பழைய கட்டடத்தை இடித்தபோது
கூட்டக் குறிப்பேடுகள் சிவாஜிநகருக்கு
எடைக்குப் போயின. கிலோ எட்டு ரூபாய்.
பதினேழு கிலோவையும் மடியில் வைத்துக்கொண்டு
ஆட்டோவில் வந்தேன், மழையில்.
ரகசியம் வரும் இடங்களில் வெறும் புள்ளிகள்.
மற்றதெல்லாம் தெளிவான கையெழுத்து:
சந்தா பாக்கி, மெழுகுவர்த்தி, சோடா,
வாள் துலக்கப் புளி.

பிறகு, 1913 செப்டம்பரில், ஒரே ஒரு வரி.
சமையல்காரன் மரியசூசை,
சடங்கின்போது ஜன்னலுக்கு வெளியே நின்று சிரித்ததற்காக
அபராதம் எட்டணா.

மற்றவர்கள் பட்டியலும் விளக்கப்படமும் எழுதி
பேராசிரியர்கள் ஆனார்கள்.
நான் பன்னிரண்டு வருடம்
அவன் எதைப் பார்த்துச் சிரித்தான் என்று தேடினேன்.
ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு மரியசூசைகள்.
ஒருவன் பிளேக்கில் முன்பே போய்விட்டான்.
இன்னொருவனுக்கு மூன்று பெண்கள்; சிரிப்பைப் பற்றிக் குறிப்பில்லை.
கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது:
கோட்பாடு போதவில்லை.
இன்னொன்று: சிரிப்பு ஆதாரமாகாது.
மூன்றாவது இதழ் இன்னும் பதில் போடவில்லை.

அபராதத்தை அவன் கட்டவில்லை.
மாதாமாதம் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்:
மரியசூசை, எட்டணா, வரவில்லை.
எட்டு வருடம் வரை.
அப்புறம் கரையான்.

போன வியாழக்கிழமை எனக்கு வழியனுப்பு விழா.
சால்வை, சந்தன மாலை,
"மாந்திரீகத் துறையின் முன்னோடி
டாக்டர் செலஸ்டினா அருளப்பா."
குத்துவிளக்கு பற்றவில்லை.
டீன் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டார்,
மற்றதன் முடிச்சு அவிழவில்லை,
ஒற்றைக்காலில் சாய்ந்தபடி
மெழுகுவர்த்தியை விசிறிக் காற்றிலிருந்து பொத்திக்கொண்டு நின்றார்.
நூற்றிருபது பேர் எழுந்து நின்றோம்,
கிழக்கே பார்த்து, ஒருவரும் பேசாமல்.

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
இன்றைக்கு எட்டணா எவ்வளவு இருக்கும்
என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
கான்டீன் பக்கத்து ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

சாத்தியிருந்தது.